ஒலிபெருக்கித் தேர்வை முன்வைத்துச் சில எண்ணங்கள்

சென்ற மூன்று மாதங்களாக நான் எதுவும் எழுதவில்லை. ஸ்பீக்கர் தேடிக்கொண்டிருந்தேன். இதைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், 'பணம் வந்துவிட்டதா?' என்றார். இன்னொருவர், 'வயதாகிவிட்டதா?' என்றார். இரண்டாவது கேள்விக்குப் பதில் இந்தக் கட்டுரையின் முடிவில் வருகிறது. முதலில் சொல்லவேண்டியது வேறு. நாற்பது வருஷங்களாக இது தரமானது, இது தரமற்றது என்று பிறர் எழுத்தைப் பற்றித் தயக்கமின்றிச் சொல்லிவந்தவன், இரண்டு ஜோடி மரப்பெட்டிகளில் எது தரமானது என்று சொல்ல முடியாமல் திணறிப்போனேன். அந்தத் திணறல் ஸ்பீக்கரோடு நின்றுவிடுகிற விஷயமாக எனக்குப் படவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

என் பழைய ஜோடி தானாக மடிந்தது. கூம்பின் விளிம்பைச் சட்டத்தோடு பிணைக்கும் நுரைவளையம், சென்னையின் ஈரக்காற்றில் வருஷக்கணக்காக இற்று, ஒருநாள் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. எவ்வளவு நாளாக அது இற்றுக்கொண்டிருந்தது, அந்த நாட்களில் நான் கேட்டதெல்லாம் என்ன என்று யோசித்தேன். எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரிந்திருக்கவில்லை. சிறுகச் சிறுகக் கெடுவதைக் காது பழகிக்கொண்டு, அதையே சங்கீதம் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. முதல் அடி இது.

நம் மொழியில் ஒலிபெருக்கி என்ற சொல்லே வீட்டுக்கு உரியதல்ல. கோயில் கொடைக்கும் அரசியல் கூட்டத்துக்கும் கட்டுகிற குழாய்தான் மனசில் வருகிறது. பெருக்குவதுதான் அதன் வேலை என்று சொல்லே சொல்லிவிடுகிறது. ஆனால் 'ஹை-ஃபை' என்கிற ஆங்கிலச் சுருக்கத்தின் உள்ளே இருப்பது பெருக்கம் அல்ல, விசுவாசம். எதற்கு விசுவாசம்? அசலுக்கு. அசல் எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியை விளம்பரக்காரர்கள் எப்போதோ தீர்த்துவைத்துவிட்டார்கள். 1915லிருந்து சில வருஷங்கள் எடிசன் கம்பெனி அமெரிக்க நகரங்களில் ஒரு காட்சி நடத்தியது. மேடையில் பாடகி பாடுவார்; பக்கத்தில் அவர் குரலே பதிந்த இசைத்தட்டு சுழலும்; விளக்கை அணைப்பார்கள். எது மனிதக் குரல், எது யந்திரம் என்று சபையோருக்குத் தெரியவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. அப்படிப் பாடியவர்களில் ஒருவரான அன்னா கேஸ், வெகுகாலம் கழித்து விஷயத்தை ஒப்புக்கொண்டார்: தன் குரலை யந்திரத்தின் குரலுக்குத் தகுந்தபடி அடக்கிப் பாடியதாக. அசலைப்போல் நகல் இல்லை. நகலைப்போல் அசல் பாடியிருக்கிறது. 1954இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், வார்ஃப்டேல் ஸ்பீக்கர்களைச் செய்த கில்பர்ட் பிரிக்ஸ் இதே மாதிரி மேடையையும் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்கவைத்தார். அரங்கு நிறைந்தது. மக்களுக்கு எப்போதுமே இந்த விளையாட்டில் ஏமாறப் பிடித்திருக்கிறது.

நம் நிலைமை இன்னும் சிக்கலானது. 1930களில் மைக் மேடையேறிய பிறகு நம் சபாக்களில் நாம் கேட்பது வித்வானின் தொண்டையை அல்ல, சுவரில் தொங்கும் பெட்டியை. முன்வரிசையில் உட்கார்ந்தாலும் அதுதான் கதி. மிருதங்கம் தகரமாகவும், வயலின் கீறலாகவும், தம்புரா இல்லாமலேயும் கேட்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. ராஜரத்தினம் பிள்ளை 1956இல் காலமானார். அவருடைய தோடியை நான் இசைத்தட்டில்தான் அறிவேன்: பக்கத்துக்கு மூன்றோ நான்கோ நிமிஷம் ஓடும் 78 வேகத் தட்டு. திறந்த வீதிக்காகவே பிறந்த நாகஸ்வரம், அதன் அசல் ஓசையில் என் பத்தடி அறைக்குள் வந்தால் நான் எழுந்து ஓடவேண்டியதுதான். ஆக, எனக்குக் கிடைத்த அசல் ஒவ்வொன்றும் ஏற்கெனவே ஒரு நகல். இதை வைத்துக்கொண்டு எதற்கு விசுவாசம் தேடுவது?

இந்தக் குழப்பத்தோடுதான் கடைக்குப் போனேன். நகரத்தின் பெரிய கடை, பெயர் வேண்டாம். குளிரூட்டிய அறை, கம்பளம், சாய்வு நாற்காலி. 'ஆடிஷன் பண்ணிப் பாருங்க சார்' என்றான் பையன். அந்தச் சொல்லை நான் வேறொரு இடத்தில் அறிவேன். 1952இல் செய்தி ஒலிபரப்பு மந்திரியான கேஸ்கரின் காலத்தில் ஆல் இந்தியா ரேடியோ வித்வான்களை ஆடிஷனுக்கு அழைத்துத் தரம் பிரித்தது. என்னைச் சோதிக்க இவர்கள் யார் என்று வித்வான்கள் பலர் கொதித்தார்கள். இப்போது வித்வான்கள் தட்டுக்குள் அடங்கிவிட்டார்கள், பெட்டிகள் வரிசையில் நின்று சோதனைக்குக் காத்திருக்கின்றன, சோதிக்கிறவன் நான். என்னைச் சோதிப்பவர் யாருமில்லை. விமர்சகனுக்கு மிகவும் சுகமான ஆசனம்.

பையன் முதலில் போட்டது ஒரு வெளிநாட்டுப் பெண்குரலும், அடிவயிற்றில் இடிக்கும் ஒரு கித்தாரும். இரண்டாவது, கண்ணாடி நொறுங்கும் சப்தம். மூன்றாவது, இடி. இந்தத் துண்டுகளில் எந்தப் பெட்டியும் மோசமாக ஒலிப்பதில்லை. அதற்காகவே பொறுக்கியெடுத்தவை அவை. நம் பத்திரிகைகளில் பிரபல எழுத்தாளரின் சிறந்த பத்தியை மட்டும் மேற்கோள் காட்டி மதிப்புரை முடிகிற காரியம் ஞாபகம் வந்தது.

வரிசையில் ஒரு பெரிய ஜோடி இருந்தது. இடுப்புயரம், பளபளப்பு மெருகு, மூன்று கூம்புகள். சுவிட்சை அதற்குத் திருப்பியதும் அறை விரிந்தது. மற்றவை அதன்முன் சவலைப்பிள்ளைகள். இதில் ஒரு சூது இருப்பதைப் பிற்பாடுதான் உணர்ந்தேன். ஒரே அளவு மின்சக்தியைக் கொடுத்தால், பெரிய ஜோடி 90 டெசிபல் ஒலிக்கிறது என்றால் சிறியது 83 டெசிபல்தான் ஒலிக்கும். 3 டெசிபல் கூட்டவே ஆம்பிளிஃபயர் இருமடங்கு உழைக்கவேண்டும். திருகைத் தொடாமல் சுவிட்சை மட்டும் மாற்றினால் உரக்க ஒலிப்பது ஜெயிக்கும். மிகச் சிறிய வித்தியாசமாக இருந்தால் 'உரக்க' என்றுகூட நமக்குத் தோன்றாது. 'தெளிவு', 'உயிர்ப்பு', 'ஆழம்' என்றெல்லாம் தோன்றும். எழுத்தில் நாம் உயிர்ப்பு என்றும் ஆழம் என்றும் கொண்டாடியவற்றில் எத்தனை, வெறுமனே பக்கத்து ஆசாமியைவிட 2 டெசிபல் உரக்கப் பேசியவை? இந்தக் கேள்வியை எனக்கே கேட்டுக்கொள்கிறேன். பட்டியல் போட்டால் சிநேகங்கள் முறியும்.

தம்புராவைக் கொண்டு சோதிப்பது என்று வீட்டிலேயே தீர்மானித்துச் சென்றிருந்தேன். காரணம் உண்டு. ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தைக் கணுவாகக் கொண்ட அனுஸ்வரங்கள் எழக்கூடாது என்பது யங்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் வகுத்த விதி. தம்புராவிலும் வீணையிலும் அவை எழுகின்றன என்று சி. வி. ராமன் 1921இல் காட்டினார். அகன்று வளைந்த குதிரைமீது தந்தி உரசி உரசி விலகுவதுதான் காரணம். தம்புராவில் அந்த உரசலை நேர்செய்யத்தான் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு நூலைச் செருகுகிறோம். அதற்கு ஜீவா என்று பெயர் வைத்தவன் பௌதிகம் படித்தவன் அல்ல. ஆனால் சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறான். தந்தியிடம் இல்லாத ஒன்றைச் சேர்த்துத்தான் தம்புரா தம்புராவாகிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். சேர்ப்பதில் தம்புராவுக்கு இருக்கும் உரிமை ஸ்பீக்கருக்கு ஏன் இல்லை? மரப்பெட்டி தன் பங்குக்குக் கொஞ்சம் ரீங்காரம் சேர்த்தால் என்ன? வித்தியாசம் இதுதான். தம்புரா தன் ஓசையைத் தனக்கு மட்டும் சேர்த்துக்கொள்கிறது. மோசமான ஸ்பீக்கர் தன் ஓசையைத் தம்புராவுக்கும் சேர்க்கிறது, கஞ்சிராவுக்கும் சேர்க்கிறது, செய்தி வாசிப்பவருக்கும் சேர்க்கிறது. தல்ஸ்தோயையும் காஃப்காவையும் ஒரே நடையில் பேசவைக்கிற மொழிபெயர்ப்பாளர்கள் நம்மிடையே உண்டல்லவா, அவர்களைப்போல. முதல் பக்கத்தில் அது அழகாயிருக்கும். மூன்றாவது புத்தகத்தில்தான் விஷயம் வெளிவரும். கடையில் யாரும் நம்மை மூன்றாவது புத்தகம்வரை உட்காரவைப்பதில்லை.

பெரிய ஜோடியில் எல்லாத் தம்புராவும் ஒரே தம்புராவாக இருந்தன. தங்கத்தால் செய்த தம்புரா. ஒரு மூலையில் நின்ற சிறிய ஜோடியில் அவை வேறுவேறாக இருந்தன. ஒன்றில் ஸ்ருதி சற்றுக் கலைந்தும் இருந்தது.

அந்தச் சிறிய ஜோடியின் வம்சம் எனக்குத் தெரியும். இங்கேதான் என் பாசாங்கும் ஆரம்பிக்கிறது. 1970களில் பிபிசியின் பொறியாளர்கள், வெளி ஒலிபரப்பு வண்டியின் குறுகிய இடத்தில் வைத்துக் கேட்பதற்காக எல்எஸ்3/5ஏ என்று ஒரு பெட்டி வடிவமைத்தார்கள். உயரம் ஒரு அடி. அவர்களுக்கு நமக்கில்லாத ஒரு வசதி இருந்தது. அடுத்த அறையில் அசல் இருந்தது. ஸ்டுடியோவில் ஒரு மனிதன் பேசுவான்; அதைக் கேட்டுவிட்டு, கதவைத் திறந்து இந்த அறைக்கு வந்து பெட்டியில் கேட்பார்கள். சங்கீதத்தைவிட மனிதப் பேச்சைத்தான் கடுமையான சோதனையாக அவர்கள் வைத்திருந்தார்கள். இதையெல்லாம் நான் படித்திருந்தேன். படித்திருந்ததாலேயே அந்தப் பெட்டி ஒலிக்கும் முன்பே எனக்குப் பிடித்துவிட்டிருந்தது. அடக்கம், நேர்மை, ஆரவாரமின்மை என்று நான் எழுத்தில் போற்றிவந்த குணங்களையெல்லாம் அந்த ஒருஅடிப் பெட்டிமேல் ஏற்றிவிட்டேன். அதுவும் முழு நேர்மை இல்லை என்பதை மறந்தேன். சின்னப் பெட்டியால் ஆழ்ந்த ஓசையைத் தரமுடியாது. எனவே 120 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒரு சிறு மேடு வைத்து, ஆழம் இருப்பதான பிரமையை அது உண்டாக்குகிறது. சிறுபத்திரிகைக்காரனுக்கும் அவனுக்கேற்ற ஒரு பாவனை உண்டு.

கடைக்காரர் இரண்டு ஜோடியையும் ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்கச் சம்மதித்தார். வீட்டில் கதை மாறியது. என் அறை 12 அடி நீளம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. கணக்குப் போட்டால் 47 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் அறையே கூடச் சேர்ந்து பாடும். எம். டி. ராமநாதன் தாழ்ந்த ஸ்ருதியில் மெல்ல இறங்கும்போது, பெரிய ஜோடியில் அவரோடு சுவரும் பீரோவும் இறங்கின. ஆனாலும் சொல்லவேண்டும்: சுகமாக இருந்தது. சிறியதில் கேட்டால் சரியாக இருந்தது. சுகத்துக்கும் சரிக்கும் நடுவே மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன்.

ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்பீக்கர் கம்பெனி ஒன்றின் ஊழியர்களையே உட்காரவைத்து, நான்கு ஸ்பீக்கர்களை ஒருமுறை கண்ணால் பார்த்தபடியும் ஒருமுறை திரைக்குப் பின்னால் மறைத்தும் கேட்கச் சொல்லி மதிப்பெண் போடவைத்தார்கள். பார்த்தபடி கேட்டபோது பெரியவையும் பகட்டானவையும் உயர்ந்தன; மலிவான சின்ன ஸ்பீக்கர் தாழ்ந்தது. மறைத்தபோது அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. அனுபவமுள்ள காதுகளும் கண்ணிடம் தோற்றன.

நானும் அதைச் செய்தேன். கொடிக்கயிற்றில் ஒரு மெல்லிய வேட்டியைத் தொங்கவிட்டேன். பையன் கொடுத்துப்போன சுவிட்ச் பெட்டியை என் மனைவியின் கையில் கொடுத்தேன். இரண்டும் ஒரே அளவில் ஒலிக்கும்படி ஆம்பிளிஃபயர் திருகில் பென்சிலால் இரண்டு கோடு போட்டுக்கொண்டோம். எது ஒலிக்கிறது என்று அவள் சொல்லமாட்டாள். எது பிடித்தது என்று மட்டும் நான் சொல்லவேண்டும். ஆறு சங்கீதத் துண்டுகள். நான்கு தடவை நான் தேர்ந்தெடுத்தது பெரிய ஜோடியை.

இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பகட்டு என்று நான் ஒதுக்கிவைத்த அதே சாமான். வம்சமும் பெயரும் கண்ணுக்கு மறைந்ததும், எனக்குப் பிடித்தது நான் யாருக்குப் பிடிக்கும் என்று பரிகசித்தேனோ அவர்களுக்குப் பிடித்ததுதான். கவிதையின் கீழே பெயரை அடித்துவிட்டு நம்மில் பத்துப் பேருக்குச் சுற்றுக்கு விட்டால் என்ன ஆகும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

இதோடு நிறுத்தியிருந்தால், ரசனை என்பதே பொய், எல்லாம் கௌரவப் பிரச்னை என்கிற சுலபமான முடிவுக்கு வந்திருப்பேன். அந்த முடிவை இன்று பலர் சந்தோஷமாக எடுத்திருக்கிறார்கள். எனக்கு அது வாய்க்கவில்லை. என் மனைவி, 'அவர் கேசட்டைப் போட்டுப் பாருங்களேன்' என்றாள்.

அவர் எங்கள் நண்பர். கவிஞர். இறந்து பல வருஷங்கள் ஆகின்றன. 1983இல் ஒரு மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் தன் கவிதைகளைப் படித்தார். சாதாரண டேப்ரிக்கார்டரில் பதிந்துவைத்தேன். மூக்கடைப்பான, வறண்ட குரல். வரி முடிவில் மூச்சு போதாமல் போகும். வேட்டிக்குப் பின்னால் அந்தக் குரலை ஆறு தடவை மாற்றி மாற்றிப் போட்டாள். ஆறு தடவையும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றில் வந்தவர் மார்பு விரிந்த, தொண்டை கனிந்த ஒரு வானொலி அறிவிப்பாளர். நல்ல குரல். கவிதைகளும் நன்றாகத்தான் இருந்தன, இருந்ததைவிட நன்றாக. மற்றதில் வந்தவர் அவர். வேட்டியை விலக்கிப் பார்க்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. 'இது அவர் இல்லீங்க' என்று பெரிய ஜோடியைப் பார்த்து என் மனைவி சொன்னாள். அவளுக்கு ஹெர்ட்ஸும் தெரியாது, பிபிசியும் தெரியாது. பதினைந்து வருஷம் அவருக்குக் காபி கொடுத்திருக்கிறாள்.

நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். பிடிப்பது வேறு, அடையாளம் தெரிவது வேறு. சங்கீதத்தில் எனக்கு அசலோடு பரிச்சயமில்லை. அதனால் பிடிப்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னேன், மெருகிடம் தோற்றேன். நண்பர் விஷயத்தில் எனக்குப் பரிச்சயம் இருந்தது. அங்கே மெருகு செல்லவில்லை, என் பெருமையும் குறுக்கே வரவில்லை. விமர்சனத்தில் நாம் ரசனை ரசனை என்று பேசிவந்திருக்கிறோம். ரசனை எதைத் தொட்டு நிற்கிறது என்று கேட்கவில்லை. ஒரு நாவலில் வரும் விதவையையோ மளிகைக்கடைக்காரரையோ பார்த்து 'இது அவர் இல்லை' என்று சொல்ல, நாவல்களைப் படித்திருந்தால் போதாது. அவர்களில் ஒருவருக்காவது காபி கொடுத்திருக்கவேண்டும். நம் விமர்சகர்களில் பலருக்குப் புத்தகங்களோடு மட்டுமே பரிச்சயம். நகலைக்கொண்டு நகலை நிறுக்கிறார்கள். அவர்களைப் பொன்தம்புரா ஏமாற்றுவதில் ஆச்சரியமில்லை. இதைச் சொல்லும்போது என்னை நான் விலக்கிவைத்துக்கொள்ளவில்லை. ஆறில் நாலு என்ற கணக்கு என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது.

சிறிய ஜோடியை வாங்கிக்கொண்டேன். என் காதுக்கு மற்றதுதான் அதிகம் பிடிக்கிறது என்று தெரிந்தே வாங்கினேன்.

பெரிய பெட்டிகளை எடுத்துப்போகப் பையன் வந்தபோது கேசட் ஓடிக்கொண்டிருந்தது. 'ஹிஸ் ரொம்ப இருக்கே சார்' என்றான். எனக்கு எந்த இரைச்சலும் கேட்கவில்லை. சந்தேகப்பட்டு அவன் தன் போனிலிருந்து ஒவ்வொரு ஸ்தாயியாக ஒலிக்கவிட்டான். 12,000 ஹெர்ட்ஸ்: எனக்கு நிசப்தம். 10,000: நிசப்தம். 8,000 என்றபோது தூரத்தில் ஏதோ இருப்பதுபோல் இருந்தது. இருந்ததா, இருக்கவேண்டும் என்று நினைத்தேனா, தெரியவில்லை. வயதானால் மேல்ஸ்தாயி இப்படித்தான் முதலில் போகும் என்பது நான் படித்த விஷயம்தான். எத்தனை வருஷங்களுக்கு முன்பே போய்விட்டது என்பது நான் படிக்காதது. அந்த வருஷங்களில் நான் சங்கீத விமர்சனமும் எழுதியிருக்கிறேன்.

பையன் போகாமல் இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, 'படிக்கிறவருக்குப் பின்னாடி யாரோ டம்ளர் வைக்கிறாங்க சார். எவர்சில்வர் டம்ளர்' என்றான். இத்தனை தடவை கேட்டும் அது என் காதில் பட்டதில்லை. அன்றும் படவில்லை. திருப்பிப் போடச் சொல்லி, அவன் கையைத் தூக்கிக் காட்டிய இடத்தில் உற்றுக் கேட்டேன். நண்பர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

என் மனைவி உள்ளேயிருந்து, 'அது நான்தான்' என்றாள்.